மைனியின் நோட்டில் எழுதாமல் விட்டவை

குமரி மாவட்டத்து அரசு மருத்துவமனைகளிலும் ஆரம்ப சுகாதார நிலையங்களிலும் சுகர், பிரஷர் பார்க்கும் டாக்டர்களுக்கும், நர்ஸ்களுக்கும், மாத்திரைப் பையோடு வீடு தேடி வரும் தன்னார்வலர்களுக்கும்,

வணக்கம்.

நான் 29 வருடம் பள்ளிக்கூடத்தில் பி.டி. டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவள். கல்குளம் தாலுகாவில், எங்கள் ஊர் சானல்கரையில், அதாவது கால்வாய்க் கரையில், தினமும் விடியற்காலையில் ஒன்பது பெண்களைக் கூட்டிக்கொண்டு நடக்கிறேன். அந்த ஒன்பது பேரில் ஒருவர் என் அண்ணன் மனைவி. என் மைனி. அவருக்கு நடந்த ஒரு காரியத்தால்தான் இந்த மடலை எழுத உட்கார்ந்தேன்.

மைனிக்கு 52 வயது. இருபது வருடத்துக்கு மேல் அண்டி ஆபீசில், அதாவது முந்திரி ஆலையில், உட்கார்ந்து பருப்புத் தோல் எடுத்தவர். போன வருடம் சுகர் இருப்பது தெரிந்தது. எடை 74 கிலோ. "தினமும் முக்கால் மணி நேரம் நடங்க, மூணு மாசத்துல அஞ்சாறு கிலோ குறைஞ்சிரும்" என்று சொல்லி அனுப்பினார்கள். மைனி நடந்தார். ஞாயிற்றுக்கிழமை ஆராதனைக்குப் போவதால் அன்று மட்டும் லீவு. மற்ற ஆறு நாளும் நான் கேட்டைத் தட்டுவதற்கு முன்பே செருப்பைப் போட்டுக்கொண்டு நடைப்படியில் உட்கார்ந்திருப்பார். பக்கத்தில் நடந்தவள் நான். அதனால் சாட்சியாகவே சொல்கிறேன்.

நாலு மாதம் கழித்து எடை பார்த்தபோது தராசு 73 காட்டியது. எந்த ஊர், எந்த ஆஸ்பத்திரி, யார் சொன்னது என்றெல்லாம் இங்கே வேண்டாம். "நாலு மாசமா நடக்கேன்னு சொல்லுதீங்க, நடந்தா குறையாம இருக்குமா? உள்ளதைச் சொல்லுங்க" என்று கேட்டார்கள். பின்னால் வரிசையில் இருபது பேர் நின்றார்கள். மைனி பதில் சொல்லவில்லை. எடை எழுதிய ஆஸ்பத்திரி நோட்டை வாங்கி, மஞ்சப்பைக்குள் வைத்து, பஸ்ஸில் ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்துகொண்டார். மறுநாள் காலையில் நான் போனபோது நடைப்படியில் ஆள் இல்லை. பத்து நாள் வரவில்லை.

டாக்டரம்மா, சிஸ்டர், உங்கள் வேலைப் பளு எனக்குத் தெரியும். ஒரு காலைப்பொழுதில் நூறு பேரைப் பார்க்கிற இடத்தில் ஒவ்வொருவரிடமும் அரைமணி நேரம் பேச முடியாது. ஆனால் மைனியிடம் கேட்ட அந்தக் கேள்வி தப்பு. கேட்ட விதத்தை மட்டும் சொல்லவில்லை, அதற்குள் இருக்கும் கணக்கே தப்பு. அதைத்தான் சொல்ல வந்தேன்.

முதலில் நடையின் கணக்கு. 74 கிலோ இருக்கும் ஒரு பெண் எங்கள் வேகத்தில் முக்கால் மணி நேரம் நடந்தால், சும்மா உட்கார்ந்திருந்தால் செலவாவதற்கு மேல் ஏறக்குறைய 130 முதல் 150 கலோரி செலவாகும். வாரத்துக்கு ஆறு நாள், 17 வாரம் என்றால் மொத்தம் 14,000 கலோரி பக்கம் வரும். உடம்பில் ஒரு கிலோ கொழுப்பு கரைய சுமார் 7,700 கலோரி என்பது நீங்கள் படித்த பாடம்தான். அப்படியானால் ஒரு பிடிகூட அதிகம் சாப்பிடாமல், எல்லாம் சரியாக நடந்தாலும் நாலு மாதத்தில் 2 கிலோவுக்குள்தான் குறையும். அஞ்சாறு கிலோ என்ற எண் எங்கிருந்து வந்தது? இந்த எண்ணைக் காதில் வாங்கிக்கொண்டு நடக்கிறவர் ஒரு கிலோ குறைந்ததைத் தோல்வி என்றுதான் நினைப்பார்.

எங்கள் கூட்டத்திலேயே ஒருத்தி ஆறு கிலோ குறைந்தாள். பக்கத்து வீட்டுத் தங்கச்சி, 38 வயது. அதே சானல்கரை, அதே வேகம், அதே நாலு மாதம். "அவளால முடியுது, உங்களால முடியலியா" என்ற பேச்சு மைனியின் வீட்டுக்குள்ளேயே வந்துவிட்டது. ஆனால் மேலே சொன்ன கணக்கைப் போட்டுப் பார்த்தால், ஆறு கிலோ வெறும் நடையால் குறைந்திருக்க வழியே இல்லை. கேட்டுப் பார்த்தேன். நடக்க ஆரம்பித்த பிறகு ராத்திரி பசியே இல்லை என்றாள். மரச்சீனிக் கிழங்கும் மீன்கறியுமாக ஒரு தட்டு நிறையச் சாப்பிட்டவள், இப்போது ரெண்டு தோசையோடு எழுந்துவிடுகிறாளாம். வேண்டுமென்று செய்ததில்லை, தானாக அமைந்தது. மைனிக்கு அப்படி அமையவில்லை. பதினோரு மணிக்கெல்லாம் வயிறு கேட்கும். ஒரு கைப்பிடி ஏத்தங்காய் சிப்ஸ் போதும், காலையில் நடந்து செலவானது அங்கேயே திரும்ப வந்துவிடும்.

இது எங்கள் தெருவில் மட்டும் நடக்கிற விஷயமில்லை. நீல் கிங், ஜான் பிளண்டெல் என்ற ஆய்வாளர்கள் இருந்த குழு 2008-ல் வெளியிட்ட ஆய்வில், எடை கூடிய 35 ஆண், பெண்களை 12 வாரம் உடற்பயிற்சி செய்ய வைத்தார்கள். வாரத்துக்கு 5 நாள், ஒவ்வொரு தடவையும் 500 கலோரி செலவாகும்வரை, கண்ணெதிரே நிறுத்திப் பார்த்துக்கொண்டு. ஏமாற்ற வழியே கிடையாது. சராசரியாக 3.7 கிலோ குறைந்தது. ஆனால் ஒருவர் 14.7 கிலோ குறைந்தார், இன்னொருவர் 1.7 கிலோ கூடினார். எதிர்பார்த்த அளவு குறையாதவர்கள் முன்னைவிட அதிகம் சாப்பிட்டிருந்தார்கள். நன்றாகக் குறைந்தவர்களின் சாப்பாடோ கொஞ்சம் குறைந்திருந்தது. பயிற்சி ஒன்றுதான், ஒவ்வொரு உடம்பும் அதற்குச் சொன்ன பதில்தான் வேறு.

கனடாவில் குளோட் புஷார் என்ற ஆய்வாளர் 1994-ல் வெளியிட்ட ஒரு ஆய்வும் உண்டு. ஒரே கரு இரண்டாகப் பிரிந்து பிறந்த, ஒரே சாயலில் இருக்கும் 7 ஜோடி இரட்டை இளைஞர்கள். சாப்பாட்டின் அளவை மாற்றாமல் வைத்து 93 நாள் சைக்கிள் மிதிக்க வைத்தார்கள். சராசரியாக 5 கிலோ குறைந்தது. ஒரு ஜோடிக்கும் இன்னொரு ஜோடிக்கும் நிறைய வித்தியாசம் இருந்தது, ஒரே ஜோடிக்குள் இருவரும் ஏறக்குறைய ஒன்றுபோலக் குறைந்தார்கள். சாப்பாடு அளந்து கொடுத்தும் இப்படி என்றால், பிறப்போடு வந்தது ஏதோ அதில் வேலை செய்கிறது. மைனியைப் பார்த்து "உள்ளதைச் சொல்லுங்க" என்று கேட்டவர் இந்த ஆய்வைப் படித்திருந்தால் அப்படிக் கேட்டிருக்க மாட்டார் என்று நம்புகிறேன்.

பசி ஒன்று. இன்னொன்றை நானே கண்ணால் பார்த்துக் கண்டுபிடித்தேன், அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். நடக்க ஆரம்பிக்கும் முன் மைனி சாயங்காலம் கடைக்கு நடந்துதான் போவார். கிணற்றடியில் நின்றுதான் துணி துவைப்பார். நடக்க ஆரம்பித்த பிறகு, தேங்காய் வாங்க வேண்டுமென்றால் மகனை பைக்கில் அனுப்புகிறார். "காலைல நடந்தாச்சுல்லா" என்கிறார். மத்தியானம் அரைமணி நேரம் கூடுதலாகப் படுக்கிறார். கேட்டால் தெரியாது என்பார், உண்மையிலேயே தெரியாது. உடம்பு ஒரு பக்கம் செலவானதை இன்னொரு பக்கம் மிச்சம் பிடிக்கிறது. இதைச் சோம்பேறித்தனம் என்று சொல்லிவிட்டால் பேச்சு அத்தோடு முடிந்துவிடும். "காலைல நடந்த பிறகு பகல்ல என்ன செய்றீங்க?" என்று கேட்டால் அங்கே ஒரு வழி திறக்கும். நான் கேட்டேன். இப்போது மைனி சாயங்காலக் கடைநடையைத் திரும்பத் தொடங்கியிருக்கிறார்.

இன்னொரு பக்கத்தையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். ஒருவருக்குக் குறைந்தது, இன்னொருவருக்குக் குறையவில்லை என்று நாம் பார்க்கும் வித்தியாசம் முழுவதும் உடம்பின் குணம் என்று எடுத்துக்கொள்ளவும் கூடாது. கிரெக் அட்கின்சன், ஆலன் பேட்டர்ஹாம் என்ற ஆய்வாளர்கள் இருவரும் 2015-ல் இதை அழுத்திச் சொன்னார்கள். உடற்பயிற்சியே செய்யாத ஆட்களின் எடையும் மூன்று மாதத்தில் தானாகக் கூடிக் குறையும். அந்த ஆட்டத்தைக் கழித்த பிறகு மிஞ்சுவதுதான் பயிற்சிக்கு உடம்பு தந்த உண்மையான பதில். ஒரே ஆளுக்கு ஒரு நாளைக்கும் மறுநாளைக்கும் ஒரு கிலோ ஏறி இறங்குவது சாதாரணம். முந்தின நாள் கருவாட்டுக் குழம்பு, மாதவிலக்குக்கு முந்தின வாரம், சாப்பிட்டுவிட்டு வந்து ஏறியது, செருப்போடு ஏறியது, எதுவும் காரணமாகலாம். மைனியை முதல் தடவை காலை எட்டரைக்கு வெறும் வயிற்றில் எடை பார்த்தார்கள். நாலு மாதம் கழித்துப் பார்த்தது பதினொன்றரை மணிக்கு, புட்டும் பயறும் சாப்பிட்ட பிறகு, வேறொரு தராசில். அந்த ஒரு கிலோ உண்மையில் ரெண்டு கிலோவாக இருந்திருக்கலாம், அரைக் கிலோவாகவும் இருந்திருக்கலாம். அந்த ஒரு எண்ணை வைத்து ஒரு மனுஷியைப் பொய் சொல்கிறவள் என்று எப்படி முடிவு கட்டுவது?

சரி, யாருக்குக் குறையும் யாருக்குக் குறையாது என்று முன்கூட்டியே சொல்ல வழி உண்டா? நான் இதைப் பற்றி வாசிக்கத் தொடங்கியதே இந்தக் கேள்விக்காகத்தான். வயது, ஆரம்ப எடை, ரத்தப் பரிசோதனை இவற்றை வைத்து ஒரு தனி ஆளுக்கு முன்பே கணித்துச் சொல்லும் நம்பகமான வழி இன்று கையில் இல்லை. எச்சில் அனுப்பினால் உங்கள் மரபணுவுக்கு ஏற்ற உடற்பயிற்சி, உணவு சொல்கிறோம் என்று போனில் விளம்பரம் வருகிறது. எங்கள் கூட்டத்தில் ஒருத்தி அதற்குப் பணம் கட்டப் போனாள், தடுத்துவிட்டேன். ஸ்டான்ஃபோர்டில் 609 பேரை வைத்து நடத்தி 2018-ல் வெளியான உணவு ஆய்வில், முன்பே குறித்து வைத்திருந்த மரபணு வகை யாருக்கு எந்த உணவு பலன் தரும் என்பதைச் சொல்லத் துணை செய்யவில்லை. எஃப்.டி.ஓ என்ற மரபணு எடை கூடுவதோடு தொடர்புடையது என்று 2007-லேயே கண்டார்கள். ஆனால் அது இருக்கிறவர்களும் உடலுழைப்போடு இருந்தால் அதன் பாதிப்பு கால்வாசிக்கு மேல் குறைகிறது என்று ரெண்டு லட்சத்துக்கு மேற்பட்டவர்களின் தகவலைச் சேர்த்துப் பார்த்து 2011-ல் சொன்னார்கள். பிறப்போடு வந்தது ஓரளவு மாறவும் செய்யும் என்று நான் இதைப் புரிந்துகொள்கிறேன்.

முன்கூட்டிச் சொல்ல முடியாவிட்டாலும், சீக்கிரம் தெரிந்துகொள்ள முடியும். அமெரிக்காவில் சுகர் உள்ள 5,145 பேரை வைத்து நடந்த லுக் அஹெட் ஆய்வில், ஏறக்குறைய பாதிப் பேருக்கு உணவுக் கட்டுப்பாடும் உடற்பயிற்சியும் சேர்த்துக் கொடுத்தார்கள். அவர்களில் முதல் ஒன்றிரண்டு மாதத்தில் எவ்வளவு குறைந்தது என்பதே வருடங்கள் கழித்து எப்படி இருக்கும் என்பதற்கு நல்ல அடையாளமாக இருந்தது. அப்படியென்றால் மைனியை நாலு மாதம் கழித்து வரச் சொல்லியிருக்கக் கூடாது. ஆறாவது வாரம் கூப்பிட்டிருந்தால், இந்த உடம்புக்கு நடை மட்டும் போதாது, சாப்பாட்டிலும் ஒரு மாற்றம் வேண்டும் என்று அப்போதே தெரிந்திருக்கும். நாலு மாத ஏமாற்றம் இல்லாமல் போயிருக்கும்.

இப்போது அந்த நோட்டில் எழுதாமல் விட்டதைச் சொல்கிறேன். எங்கள் ஊர் சர்ச்சுக்கு ஏறுகிற மேட்டில் மைனி முதல் வாரம் ரெண்டு இடத்தில் நின்றார். ஒரு தடவை புன்னை மரத்தடியில், இன்னொரு தடவை குருசடிக்குப் பக்கத்தில், இடுப்பில் கை வைத்து, வாயைத் திறந்து மூச்சு வாங்கிக்கொண்டு. மூன்றாவது மாதம் நிற்காமல் ஏறினார், ஏறிக்கொண்டே என்னிடம் மகள் கல்யாணத்தைப் பற்றிப் பேசினார். பிரஷர் மாத்திரையை மாற்றவே இல்லை, மேல் பிரஷர் 152-லிருந்து 144-க்கு வந்திருந்தது. தையல் டேப்பை வைத்து நான் இடுப்பை அளந்தேன், 96 சென்டிமீட்டர் 92 ஆகியிருந்தது. உள்பாவாடை நாடாவை முடிச்சுப் போட்ட பிறகு தொங்குகிற நுனி ரெண்டு விரல் நீண்டிருப்பதை அவரே கூச்சத்தோடு காட்டினார். எடை 73. ஆனால் அந்த உடம்பு பழைய உடம்பு இல்லை.

கிங் குழுவே இதையும் 2009-ல் எழுதியிருக்கிறது. அதேபோல 12 வாரம் பயிற்சி செய்த 58 பேரில் 26 பேருக்கு எதிர்பார்த்த எடை குறையவில்லை, சராசரியாக ஒரு கிலோகூட இல்லை. ஆனால் அந்த 26 பேருக்கும் சேர்த்துப் பார்த்தபோது மூச்சுத் திறன் கூடியிருந்தது, பிரஷர் இறங்கியிருந்தது, இடுப்புச் சுற்றளவு குறைந்திருந்தது, ஓய்வாக இருக்கும்போதைய நாடித்துடிப்பும் குறைந்திருந்தது. தராசை மட்டும் பார்த்திருந்தால் அவர்கள் எல்லோரும் மைனி மாதிரி வீட்டுக்குத் திரும்பியிருப்பார்கள்.

இதனால்தான் கேட்கிறேன். நோட்டில் எடைக்குப் பக்கத்தில் இடுப்புச் சுற்றளவுக்கும் ஒரு கட்டம் போடுங்கள். நம்மவர்களுக்குப் பெண் என்றால் 80 சென்டிமீட்டர், ஆண் என்றால் 90 தாண்டினால் கவனம் என்ற அளவு ஏற்கெனவே இருக்கிறது. ஒரு டேப் இருந்தால் போதும், வீடு தேடி வரும் தங்கச்சிமார்களே அளந்துவிடுவார்கள். நாடித்துடிப்பையும் குறிக்கலாம். எடையை அதே தராசில், முடிந்தவரை அதே நேரத்தில், செருப்பைக் கழற்றிப் பாருங்கள். நடக்கச் சொல்லும்போதே, "எடை சிலருக்கு நிறையக் குறையும், சிலருக்குக் கொஞ்சம்தான், அது உங்க கையில மட்டும் இல்ல, சுகருக்கும் பிரஷருக்கும் நடை எப்படியும் நல்லது" என்று ஒரு வார்த்தை சேர்த்துச் சொல்லுங்கள். அரை நிமிடம்கூட ஆகாது.

குறையாதவர் வந்தால், மாத்திரைச் சீட்டையும் ஒரு தடவை பாருங்கள். இன்சுலினும் சில சுகர் மாத்திரைகளும் எடையைக் கொஞ்சம் ஏற்றும் என்று உங்களுக்குத் தெரியும், நோயாளிக்குத் தெரியாது. தானாக நிறுத்தச் சொல்லவில்லை, மாற்ற முடியுமா என்று நீங்கள்தான் பார்க்க வேண்டும். தைராய்டு பார்த்தாயிற்றா, ராத்திரி எத்தனை மணி நேரத் தூக்கம் என்றும் கேளுங்கள். குலசேகரம் பக்கம் ரப்பர் பால் வெட்டப் போகிறவர்கள் விடியும் முன்பே எழுந்துவிடுகிறார்கள், அந்த வீட்டுப் பெண்கள் அதற்கும் முன்னால் எழுந்து சாயா போடுகிறார்கள். தூக்கம் குறைந்தால் பசி கூடும்.

ஒன்றை மட்டும் கொஞ்சம் கோபத்தோடு சொல்கிறேன். குளச்சலிலும் தேங்காப்பட்டணத்திலும் மீன் எடுத்து, தலையில் சட்டியை வைத்துத் தெருத்தெருவாக விற்கும் பெண்களைப் பார்த்திருப்பீர்கள். அவர்களில் எத்தனையோ பேர் பருமனாக இருக்கிறார்கள், சுகரும் இருக்கிறது. அவர்களிடமும் நாம் "நடங்க" என்றே சொல்கிறோம். நாளெல்லாம் நடக்கிற ஒருத்தியிடம் நடக்கச் சொன்னால் அவள் என்ன நினைப்பாள்? அவளுக்கு வேண்டியது நேரத்துக்குச் சாப்பாடு, முட்டியை வலுவாக்கும் பயிற்சி, மருந்து. எல்லோருக்கும் ஒரே வாக்கியம் பொருந்தாது.

அரசு 2021-ல் மக்களைத் தேடி மருத்துவம் கொண்டுவந்தது. 2023 நவம்பரில் மாவட்டந்தோறும் 8 கிலோமீட்டர் நடைபாதையோடு 'நடப்போம் நலம் பெறுவோம்' தொடங்கியது. இரண்டையும் மனசார வரவேற்றவள் நான். தேசிய குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டுப் பெண்களில் அதிக எடை உள்ளவர்கள் 2015-16-ல் 30.9 சதவீதம், 2019-21-ல் 40.4 சதவீதம். நூற்றுக்கு நாற்பது பேர். இத்தனை பேரையும் ரோட்டுக்குக் கூட்டி வருவது பெரிய வேலை. ஆனால் நடக்க வந்தவர்கள் ஆறு மாதத்தில் மனம் உடைந்து வீட்டுக்குள் போய்விட்டால் பாதை போட்டு என்ன பயன்? நம் மாவட்டத்தில் ஜூனில் ஒரு மழை, அக்டோபரில் இன்னொரு மழை. சானல்கரை சேறாகிவிடும், மெயின் ரோட்டில் டாரஸ் லாரிக்கு ஒதுங்க இடம் இருக்காது. அதையெல்லாம் தாண்டி வருகிறவரை ஒரு தராசு முள் திருப்பி அனுப்பிவிடுகிறது.

பதினோராவது நாள் மைனி வந்தார். நான் ஒன்றும் பேசவில்லை. சர்ச்சு மேட்டைப் பார்த்ததும், "இதுல இப்ப நிக்காம ஏறுவேன் இல்லியா" என்று அவரே சொன்னார். அதற்குப் பிறகுதான் நான் இந்தக் கணக்கையெல்லாம் அவரிடம் விளக்கினேன். பதினோரு மணிச் சிப்ஸுக்குப் பதில் இப்போது அவித்த பயறு. வாரத்துக்கு ரெண்டு நாள் என் வீட்டுத் திண்ணையில் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்து எழும் பயிற்சியும் கொடுக்கிறேன்.

நோட்டில் அடுத்த தேதி அடுத்த மாதம் 12 என்று எழுதியிருக்கிறது. அன்று காலையில் மைனி சாப்பிடாமல் வருவார், பலகாரம் டப்பாவில் இருக்கும். நானும் கூட வருவேன். தையல் டேப் என் பையில் இருக்கும். இடுப்பு அளவை எழுத நோட்டில் கட்டம் இல்லாவிட்டால், எடைக்குக் கீழே ஓரத்தில் எழுதிக் கொடுத்தாலும் போதும்.

அன்புடன்,
ஓய்வு பெற்ற உடற்கல்வி ஆசிரியை,
கல்குளம் தாலுகா, கன்னியாகுமரி மாவட்டம்.